ஒரு வெள்ளிச் சீட்டும் ஒரு நாள் கூலியும்

தம்போய் என்றாலே ஜொகூரில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. 1937-இல் திறக்கப்பட்ட மனநோய் ஆஸ்பத்திரி இங்கே இருப்பதால், சற்று மாறாகப் பேசுகிறவனைப் பார்த்து "இவனைத் தம்போய்க்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பார்கள். இன்று அதன் பெயர் பெர்மாய் மருத்துவமனை. கேலி செய்தவன் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே சர்க்கார் செலவில் வைத்தியம் நடக்கும். இருப்பவன், இல்லாதவன் என்று பாராமல் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதே பொதுச் சுகாதாரச் சேவையின் உயிர்நாடி. அந்தச் சேவையைத்தான் சீர்திருத்தப் போகிறார்கள். பாட்டாளிகளாகிய நாம் வாய்மூடி இருக்கலாமா?

2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. இது பதினைந்து ஆண்டுத் திட்டம். நோய் வருமுன் காப்பதற்கு முதலிடம், கிளினிக்குகளுக்குப் பலம், நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காடு சுகாதாரத்துக்கு, ஆஸ்பத்திரிகளுக்குப் படிப்படியாகத் தன்னாட்சி. நோக்கம் நல்லது, வரவேற்கிறோம்.

சீர்திருத்தம் தேவையென்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016 அக்டோபர் 25-ஆம் நாள் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றி 6 நோயாளிகள் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் நிரந்தர வேலை கேட்டு ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியே வந்து நின்றதையும் மறக்கவில்லை. டாக்டரும் தொழிலாளிதான். அவருக்கு நாளை வேலை நிச்சயமில்லை என்றால் நமக்கு நாளை வைத்தியம் நிச்சயமில்லை.

ஆனால் சீர்திருத்தம் பேசும் பெரியவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள். சர்க்கார் கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. உலகத்தில் இவ்வளவு மலிவு எங்கே உண்டு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பால்மரம் வெட்டுகிறவன் கொடுப்பது அந்த ஒரு வெள்ளி மட்டுமா? குளிர்ந்த காலை நேரத்தில்தான் பால் வடியும். அதே காலை நேரத்தில்தான் கிளினிக்கில் வரிசையும் நிற்கும். வரிசையில் நின்றால் மரம் போச்சு, மரத்துக்குப் போனால் மருந்து போச்சு! ஆகவே அவன் கொடுக்கும் உண்மையான கட்டணம் ஒரு நாள் கூலி.

இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தவணை தவறாமல் போய் வர வேண்டும். போய் வந்தால் பெரும்பாலும் கிடைப்பது மருத்துவ விடுப்புச் சீட்டல்ல. வந்து போன நேரத்தைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டு. அதைக் கிராணியிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? செக்ரோலில் வராத நாள் வராத நாளே. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டவன் கடைசியில் கால் அழுகியும் சிறுநீரகம் கெட்டும் படுக்கிறான். அப்போது சர்க்காருக்கு ஆகும் செலவு எவ்வளவு? வருமுன் காப்போம் என்று அறிக்கையில் எழுதினால் போதாது. வருகிறவனுக்கு நேரமும் கூலியும் தர வேண்டும்.

அந்தக் காலத் தோட்ட டிரஸ்ஸர் மீது நமக்கு ஆயிரம் குறை உண்டு. எந்த நோவுக்கும் ஒரே கலர் தண்ணீர் கொடுத்தார் என்று சிரித்திருக்கிறோம். ஆயினும் மருந்து லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின் லயமும் போயிற்று, டிரஸ்ஸரும் போனார். நம்மோடு மரம் வெட்டும் வெளிநாட்டுத் தோழனுக்கோ சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் கட்டணம் பல மடங்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2007-இல் புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் முழுக் கட்டண நோயாளிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'ராக்கான் கே.கே.எம்.' அறிவிக்கப்பட்டது. நிபுணர்கள் தனியாருக்கு ஓடாமல் இருக்க இது உதவும் என்கிறார்கள். அந்த வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் காசுள்ளவனுக்கு ஒரு கதவு, காசில்லாதவனுக்கு ஒரு கதவு என்றால், எந்தக் கதவு முதலில் திறக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

பிரிட்டனில் 1948 ஜூலை 5-இல் தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடக்கியவர் அனியூரின் பெவன். சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய ஊரான டிரெடிகாரில் தொழிலாளிகள் சம்பளத்தில் காசு போட்டு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். அதைக் கண்டு வளர்ந்தவர் நாடு முழுவதற்கும் அதைச் செய்தார். 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் பதவியையே உதறினார். பொதுச் சுகாதாரம் மேலிருந்து விழுந்த பிச்சையல்ல. அதன் வேர் தொழிலாளியின் காசில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது நான்கு. நகரத்துச் சில கிளினிக்குகளில் உள்ள மாலை நேரச் சேவை தோட்டத்துப் பக்கமும் வர வேண்டும். தவணை வைத்தியத்துக்குப் போகும் நேரத்துக்குக் கூலி வெட்டு கூடாது. கட்டண நோயாளிக்காக ஒரு வெள்ளி வரிசை ஓர் அடியும் பின்னால் தள்ளப்படக் கூடாது. சீர்திருத்தத்தைக் கண்காணிக்கும் எந்தக் குழுவானாலும் அதில் தொழிற்சங்கத்துக்கு ஓர் ஆசனம் வேண்டும்.

தோழர்களே! கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மருந்துக்காக எத்தனை நாள் கூலி இழந்தீர்கள் என்று எழுதி வையுங்கள்; கிராணித் தோழர்கள் அந்தக் கணக்கைத் தொகுத்துத் தரட்டும். நம் கணக்கை நாம் எழுதாவிட்டால், நம்மை விட்டுவிட்டே கணக்கு எழுதுவார்கள்.