குண்டுக்கேற்ற தொண்டையா, தொண்டைக்கேற்ற குண்டா?

இலக்கியப் பக்கத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு சொல். யாப்புக்காகச் சொல்லை வெட்டுவதா, சொல்லுக்காக யாப்பைத் தேர்வதா என்று ஓயாமல் வழக்காடி வருபவர்கள் நாம். இதே வழக்கு தாளிலக்கைச் சுடும் விளையாட்டிலும் உண்டு. அங்கே தீர்ப்பைத் தாளில் விழுந்த துளைகள் சொல்லிவிடுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர்களிடம் சற்றுப் பாடம் கேட்பதில் இழிவொன்றும் இல்லை.

நம் புனைகதைகளில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. அவை வேறு வேறு. பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் பிரைமர் என்னும் தீமூட்டி, வாயில் குண்டு: இவை சேர்ந்தது தோட்டா. குழலின் பின்புறம் தோட்டா அமரும் இடம் அறை. அறை முடிந்து குழலின் சுருள்வரிகள் தொடங்கும்வரை உள்ள குறுகிய வழியே தொண்டை. வெடித்தவுடன் குண்டு இந்தத் தொண்டைக்குள் வரிகளின் பிடியின்றிச் சிறிது தாவி, பிறகே வரிமேடுகளில் ஏறிச் சுழலத் தொடங்குகிறது. அந்தத் தாவலில் இழையளவு சாய்ந்தாலும் இலக்கில் அதன் கணக்குத் தெரியும்.

இப்போது வழக்குக்கு வருவோம். ‘எந்தக் குண்டும் போகும்படி தொண்டையைத் தாராளமாக விட்டால் போதும், மிச்சத்தைச் சுடுபவர் சரிசெய்துகொள்வார்’ என்கிறது ஒரு கட்சி. ஆயிரக்கணக்கில் துப்பாக்கி செய்யும் ஆலைக்கு இது தவிர்க்க முடியாத நியாயம். சந்தையில் விற்கும் எல்லாத் தோட்டாவும் அதில் ஆபத்தின்றி அமர வேண்டுமே. நாம் எதிர்ப்பது அந்த நியாயத்தை அல்ல. தேவையால் வந்த சமரசத்தைத் தத்துவமாக்கி, குறிபார்த்துச் சுடுவதையே வாழ்வாகக் கொண்டவர் தலையிலும் கட்டுவதைத்தான்.

வரலாறு இந்தக் கட்சியின் பக்கம் இல்லை. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டன் மைதானத்தில் விக்டோரியா அரசி 400 கஜத்திலிருந்து முதல் குண்டைச் சுட்டு இலக்கின் நடுவைத் துளைத்தார். தாங்கியில் பொருத்தி வைத்திருந்த அந்தத் துப்பாக்கி ஜோசப் விட்வர்த் செய்தது. அதன் குழல் அறுகோணம். அதற்கென வார்த்த குண்டும் அறுகோணம். குண்டையும் குழலையும் ஒரே சிந்தனையாகக் கண்டவர் அவர்.

ஜெர்மானியப் படையை எடுத்துக்கொள்வோம். 1888இன் தோட்டாவில் இருந்தது ஏறத்தாழ 14.7 கிராம் எடையுள்ள நீண்ட மழுங்குமூக்குக் குண்டு. 1905 வாக்கில் சுமார் 10 கிராம் எடையுள்ள கூர்மூக்குக் குண்டுக்கு மாறினார்கள். பழைய துப்பாக்கியே போதும் என்று விட்டுவிடவில்லை. குழலின் அளவை மாற்றினார்கள், பழைய துப்பாக்கிகளின் அறைகளைத் திருத்தினார்கள், திருத்தியவற்றில் ‘எஸ்’ முத்திரை குத்தினார்கள். சுவீடனின் பழைய 6.5 மி.மீ. மௌசர்களோ இதற்கு மறுபுறச் சான்று. 10.1 கிராம் மழுங்குமூக்குக் குண்டுக்காக அவற்றின் தொண்டையை நீளமாக வெட்டினார்கள். இன்று இலேசான குண்டை இட்டால் அது வரியைத் தொட நெடுந்தூரம் தாவ வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் பிஸ்லி களத்தில் போட்டியாளர் அனைவருக்கும் ஒரே தோட்டாவையே வழங்கும் முறை நெடுங்காலம் இருந்தது. குண்டை மாற்ற வழியில்லை. அவர்கள் செய்ததென்ன? வழங்கப்படும் குண்டுக்கேற்பத் தம் துப்பாக்கியின் அறையையும் தொண்டையையும் வெட்டுவித்தார்கள். குண்டு முதலில், உலோகம் பிறகு. நாம் சொல்வதும் இதுவே.

‘குண்டைக் கூட்டினுள் சற்று ஏற்றியோ இறக்கியோ அமர்த்தினால் ஆயிற்று, தொண்டையை ஏன் தொட வேண்டும்?’ என்பது அவர்களின் முதல் மறுப்பு. அமர்த்தும் ஆழம் முக்கியம்தான். வெட்டுக்கோட்டு வளைவு கொண்ட நீண்ட மூக்குக் குண்டுகள் இதில் மிகவும் முரண்டு பிடிப்பவை. பெர்கர் நிறுவனமே அத்தகைய தன் குண்டுகளை, அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு இடைவெளியில் நான்கு ஆழங்களில் சோதிக்கச் சொல்கிறது. தொடுகோட்டு வளைவுள்ளவை பொறுமைசாலிகள். ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. அதிகம் இறக்கினால் குண்டின் அடி கூட்டின் கழுத்தைத் தாண்டி மருந்தின் இடத்தைத் தின்னும். அதிகம் ஏற்றினால் கழுத்துக்குப் பிடிப்பு இராது. வரியில் மிக இறுகிச் சிக்கிய குண்டோ, சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குழலிலேயே தங்கி, மருந்தை எந்திரத்துக்குள் கொட்டிவிடும். இந்த எல்லைகளை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பது தொண்டையின் நீளம். சரிசெய்தல் பொருத்தத்துக்குப் பிந்தியது; அதற்கு மாற்று ஆகாது.

‘தொண்டை எப்படியும் தேய்ந்து முன்னேறத்தானே போகிறது?’ என்பது இரண்டாம் மறுப்பு. உண்மை. ஒவ்வொரு வெடிப்பின் வெப்பமும் அதைச் சிறிது அரிக்கிறது. ஆனால் இது நம் கட்சிக்கே வலுச்சேர்க்கிறது. குட்டையான தொண்டையைப் பிறகு நீட்டலாம். நீண்டுவிட்டதைக் குறைக்க வேண்டுமானால் குழலைக் கழற்றிப் பின்புறத்தை வெட்டி, அறையை மீண்டும் குடைய வேண்டும். தேயப்போவதை முதலிலேயே தேய்ந்ததாகச் செய்து வாங்குவது என்ன கணக்கு?

மூன்றாவது மறுப்பை மட்டும் நாம் தலைவணங்கி ஏற்கிறோம். ஒரு குண்டுக்கென வெட்டிய தொண்டை மற்றொன்றுக்கு ஆபத்தாகலாம். 5.56 நேட்டோ அறையின் தொண்டை .223 ரெமிங்டன் அறையினதைவிட நீளமானது. அந்த இராணுவத் தோட்டாவை .223 அறையில் சுட்டால் அழுத்தம் அளவுமீறலாம் என்பதால், அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமி இந்தச் சேர்க்கையைப் பாதுகாப்பற்றவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே எந்தக் குண்டுக்கு வெட்டியது என்பதைக் குழலிலேயே பொறித்துவைப்பது அழகுக்கல்ல, அறம். துப்பாக்கி கைமாறும், நினைவு கைமாறாது.

வழி எளியது. எந்தத் தூரம், எந்த விதி என்று பாருங்கள். சர்வதேசப் பெருந்துளைப் போட்டிகளில் .308 குண்டு 156 கிரெயினுக்குக் குறைவாகவும், .223 குண்டு 81 கிரெயினுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்குள் குண்டைத் தேருங்கள். மருந்தும் தீமூட்டியும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றில், குண்டின் உடல் கழுத்தினுள் நன்கு பிடிபடும்படி அமர்த்திக் கம்மியரிடம் கொடுங்கள். அதை அளந்து அவர் தொண்டையை வெட்டட்டும்.

‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படுவது எவருக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. சட்டைக்கு இதை ஒப்புக்கொள்கிறோம், செருப்புக்கு ஒப்புக்கொள்கிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கணக்குப் பேசும் இடத்தில் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? மறுப்பவர்கள் வரட்டும். வரும்போது தாங்கள் சுட்ட தாளையும் கையோடு கொண்டுவரட்டும்.