லாரிக்கு கார் ஃபேன் மாட்டலாமா?

போன பங்குனியில ஒரு நாள் விடியக்காலை மூணரை மணி. கத்திரியும் வெண்டையும் ஏத்திக்கிட்டு திருவள்ளூர்ல இருந்து ஆவடி, அம்பத்தூர் வழியா கோயம்பேட்டுக்குப் போய்க்கிட்டிருந்தோம். பாடி மேம்பாலத்துக்கு முன்னாடி ரோடு வேலை. அரை மணி நேரம் ஊர்ந்தோம். டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கு ஏறிடுச்சு. வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணி ஊத்தி, மார்க்கெட் போய்ச் சேர்ந்தப்போ மணி ஏழு. காய் பாதி விலைக்குத்தான் போச்சு.

நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கின பழைய டீசல் மினி லாரி அது. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் பெல்ட்டுல ஓடுது. ஹைவேயில எதிர்காத்தே போதும், ஆனா அப்போதான் ஃபேன் வேகமா சுத்தும். டிராஃபிக்ல காத்தே கிடையாது, அப்போ மெதுவா சுத்தும். வயல் நிரம்பின பிறகும் ஓடிட்டு, பயிர் வாடுறப்போ படுத்துக்கிற பம்புசெட் மாதிரி. ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா அது இழுக்கிற சக்தி எட்டு மடங்கு. அதுக்கும் நம்ம டீசல்தான்.

பாடின்னா உங்களுக்கு துணிக்கடை ஞாபகம் வரும். எங்களுக்கு அது வண்டி சாமான் ஊரு. 1960-களோட தொடக்கத்துலயே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் அங்க வந்தாச்சு. சுத்துப்பட்டு பட்டறைகள்ல தெரியாத வேலை இல்லை. அங்க ஒரு தம்பி, "ரெண்டு கார் ஃபேன் மாட்டிடலாம்ணே, எஞ்சினுக்கு பாரமே இருக்காது" என்றான். நானும் செலவைக் குறைக்கணும்னு, டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் மட்டும் போதும்னு சொல்லிட்டேன்.

ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சு. அப்புறம் ஒரு ராத்திரி ஹெட்லைட் மங்கிச்சு, ஒயர் கருகின வாசனை வந்துச்சு. ஃபேன் நின்னுபோச்சு. முள்ளைப் பாத்துக்கிட்டே ஓட்டினதால தப்பிச்சோம். கொஞ்சம் அசந்திருந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

தப்பு ஃபேன்ல இல்லை, நான் கணக்குப் போடாததுல. ஒரு ஃபேன் 20 ஆம்பியர்னா ரெண்டுக்கு 40. 12 வோல்ட்டால பெருக்கினா 480 வாட். பழைய வண்டியோட ஆல்டர்னேட்டர் லைட்டுக்கும் ஹாரனுக்கும் பேட்டரி சார்ஜுக்கும்னு போட்டது. அது எப்படித் தாங்கும்? அந்தக் கரண்டும் சும்மா வர்றதில்லை. ஆல்டர்னேட்டரைச் சுத்துறதும் அதே எஞ்சின்தான். மிச்சம் எங்கேன்னா, தேவைப்படாத நேரத்துல ஃபேன் ஓடாம இருக்கிறதுல.

மறுபடி செஞ்சப்போ பெரிய ஆல்டர்னேட்டர், ஃபேனுக்கு ஒண்ணா தனித்தனி ரிலே, ஃபியூஸ், தடிச்ச ஒயர் போட்டோம். சூடு ஏறினா தானே ஓடி, இறங்கினா தானே நிக்கிற சென்சார் சுவிட்ச். காத்து முழுசும் ரேடியேட்டர் வழியாவே போக சுத்தி தகரக் கூடு. சூடு மீறினா கத்துறதுக்கு ஒரு பஸ்ஸர். இந்தக் கோடையில பாடியில எத்தனை நேரம் நின்னாலும் முள்ளு நடுவுலயே நிக்குது. டீசல் மிச்சம் கொஞ்சம்தான். காய் நேரத்துக்குப் போய்ச் சேர்றதுதான் எனக்கு லாபம்.

அதனால என் கருத்து இதுதான். டவுனுக்குள்ள ஊர்ந்து போற சின்ன வண்டிக்கு கரண்டு ஃபேன் நல்லது. ஆனா முதல்ல ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணுங்க. என்னோடதுல வைக்கோல் தூசியே அரை இஞ்ச் அடைச்சிருந்துச்சு. பாரம் ஏத்தி மலை ஏறுற பெரிய லாரியில மட்டும் கை வைக்காதீங்க. அந்தச் சூட்டுக்கு ரெண்டு கார் ஃபேன் பத்தாது. பெரும்பாலும் அதுல கரண்டும் 24 வோல்ட். வேணும்கிறப்போ மட்டும் பிடிச்சு சுத்துற விஸ்கஸ் ஃபேன்தான் அதுக்குச் சரி.

ஃபேனுக்கு ஆகுற செலவை மட்டும் பாத்துட்டு, ஒயருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் கஞ்சத்தனம் பண்ணினா, கடைசியில நடுரோட்டுல காய் வாடும். பட்டவன் சொல்றேன்.