ராஜா ராணிக் கதையா? ஆமாம் சார்!

'சரித்திர நாவல் படிக்கிறவனுக்கு நடப்பு உலகம் தெரியாது' என்று இளக்காரம் பேசும் மேதாவிகளே, திருப்பூர் வாங்க. பகலெல்லாம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினோடு மல்லுக்கட்டியவர் ராத்திரி 'பொன்னியின் செல்வன்' பிரிக்கிறார். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த தொடர்கதை. இன்னும் ஏன் இழுக்கிறது?

வந்தியத்தேவனுக்குப் பரம்பரை ராஜ்யம் போச்சு. குதிரை, வாள், யாரோ கொடுத்தனுப்பிய ஓலை, இவ்வளவுதான் ஆஸ்தி. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவருக்கு அவன் அந்நியனா என்ன? காதலும் திகிலும் தீபாவளி போனஸ் மாதிரி.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி பூடகமாகவே விட்டார். அந்தக் குடைச்சல்தான் சாதாரண வாசகனை உடையார்குடிக் கல்வெட்டு வரை தேடிப் போகவைக்கிறது. எந்தப் பாடப்புத்தகம் இதைச் செய்தது?

கேலி செய்தால் அவர் உலக இலக்கியத்துக்குத் தாவிவிட மாட்டார். புத்தகத்தையே மூடிவிடுவார். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், அது சுத்த நஷ்டக் கணக்கு!