வாங்குபவருக்கென்று ஒரு வக்கீல்

காரிமங்கலம் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் தனியாகப் போகமாட்டார். பல் பார்க்க, சுழி பார்க்க, நடக்கவிட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அந்த ஆள் விற்பவருக்குச் சொந்தக்காரர் என்று தெரிந்தால் வேறு ஆளைத் தேடுவார். இந்த விஷயத்தில் நம் ஜனங்கள் கெட்டி. ஆனால் 30 லட்சம் போட்டு வீடு வாங்கும்போது மட்டும், விற்பவரோ புரோக்கரோ கைகாட்டுகிற ஆளிடமே பத்திரக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவன். வீட்டுக் கடனுக்கு வந்த பத்திரங்களையும், அவற்றுக்கு வக்கீல்கள் எழுதிக் கொடுத்த லீகல் ஒப்பீனியன்களையும் நிறையப் படித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வீடு வாங்குபவர் தனக்கென்று தனியாக ஒரு சிவில் வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். கிராஜுவிட்டியும் கம்யூடேஷனும் ஒரு தடவைதான் வரும். போனால் திரும்பச் சம்பாதிக்க நமக்கு வயது இல்லை.

"பத்திர ஆபீசில் பதிவாகிவிட்டதே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான். உரிமைக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1858-லேயே டோரன்ஸ் முறை என்று ஒன்று வந்தது. அங்கே அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். நம் 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அப்படிப்பட்டதல்ல. 2025 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது இதைத் தெளிவாகவே சொன்னது. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை. அதன் பிறகு, மூலப் பத்திரத்தைக் காட்டவேண்டும் என்று நம் சட்டசபையில் திருத்த மசோதா நிறைவேறியது. அது நல்லதுதான். ஆனால் மூலப் பத்திரம் கையில் இருப்பதாலேயே உரிமை முழுசாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

பத்திர எழுத்தர் உரிமம் பெற்றவர். வாசகம் பிசகாமல் எழுதுவார், முத்திரைத்தீர்வை கணக்குப் போடுவார், பதிவுக்கு நாள் வாங்கித் தருவார். நல்ல எழுத்தர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் 30 வருஷத்துச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்த்து, எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்வது வேறு வேலை.

"வங்கி வக்கீல்தான் பார்த்துவிட்டாரே" என்கிறார்கள் சிலர். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். 30 லட்சம் பெறும் வீட்டுக்கு 6 லட்சம் கடன் கொடுத்தால், வீட்டில் ஒரு பங்கு வழக்கில் மாட்டினாலும் வங்கிப் பணத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. மீதி 24 லட்சம் போட்டவருக்குத்தான் ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கதை இதுதான். விற்றவரின் அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் அம்மா, மகன் இருவர் பெயர்தான் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வில்லங்கச் சான்றிதழ் சுத்தம், பட்டா மகன் பெயரில், வங்கி ஒப்பீனியனும் சரி. கர்நாடகா பக்கம் கல்யாணமாகிப் போன ஒரு மகள் இருந்ததை யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, மூன்றில் ஒரு பங்கு கேட்டு அவர் வழக்குப் போட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆசிரியரும் மாதாமாதம் தவணை கட்டுகிறார். அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் விசாரித்திருந்தால் மகள் இருப்பது தெரிந்திருக்கும். அந்த விசாரணையைச் செய்ய அவருக்கென்று ஆள் இல்லை.

பெண்களின் பங்கு நம் பக்கத்தில் இன்னும் சரியாகப் பிடிபடாத விஷயம். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில், உயில் இல்லாவிட்டால், மகளுக்குச் சம பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகப் பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் அதைத் தொடமுடியாது. இத்தனை தேதிகளையும் ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பார்க்க வக்கீலால்தான் முடியும். "மூணு தலைமுறையா பழக்கம், தங்கமான மனுஷன்" என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவர் தங்கைக்கும் நமக்கும் பழக்கம் இல்லையே.

வில்லங்கச் சான்றிதழில் பதிவானது மட்டும்தான் தெரியும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகம், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு எல்லாம் பொதுவாக அதில் வராது. பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடனின் ஆவணத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய அடமானம் வில்லங்கத்தில் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் நல்ல வக்கீல் நகலோடு நிற்காமல் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுவார்.

நம் மாவட்டத்துக்கென்று சில சிக்கல்களும் உண்டு. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் ஜில்லா. பழைய பத்திரங்களில் அப்படித்தான் இருக்கும். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. புதுத் தாலுகாக்களும் வந்தன. ஒரு கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வில்லங்கம் போட வேண்டும். 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். வேலையில் சர்வே எண் மாறியதும், பெயர் தவறாக ஏறியதும் பல ஊர்களில் நடந்தது. பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காத ஒப்பீனியனால் பயன் இல்லை. அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலமா, பஞ்சமி நிலமா என்று 'அ' பதிவேட்டில் பார்க்க வேண்டும். மனை என்றால் அங்கீகாரம் பெற்றதா, 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்தியதா என்று பார்க்க வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு கைமாறியிருந்தால் அது கிரயம் ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

சரி, எப்படிப்பட்ட வக்கீலைப் பிடிப்பது? கிரிமினல் கேஸில் பேர் வாங்கியவர் இதற்கு வேண்டாம். நம் நீதிமன்றங்களில் பாகப் பிரிவினை, உரிமை வழக்குகள் நடத்துகிறவரைப் பாருங்கள். அப்படிப்பட்ட வழக்குகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று அவருக்குத் தெரியும். விற்பவருக்கோ, புரோக்கருக்கோ, மனை போட்டவருக்கோ அவர் வக்கீலாக இருக்கக் கூடாது. இதை நேராகவே கேட்டுவிடுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அடுத்த அடையாளம், அவர் கேட்கும் கேள்விகள். கட்டைப் புரட்டிவிட்டு அரை மணியில் "எல்லாம் கிளியர் சார்" என்பவர் வேண்டாம். கம்ப்யூட்டரில் பழைய ஒப்பீனியனில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஊர் சர்வே எண் அப்படியே நிற்கும்! "இறந்தவருக்கு எத்தனை பெண்கள்? இந்த விடுதலைப் பத்திரத்தில் மூன்றாவது மகன் கையெழுத்து எங்கே? அவர் அப்போது மைனரா?" என்று நச்சரிப்பவர்தான் நமக்கு வேண்டியவர்.

வக்கீலை வைத்துவிட்டால் மட்டும் போதாது. நாமும் ஒத்துழைக்க வேண்டும். ஊரில் காதில் விழுந்ததையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். "அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம்" என்பதுகூட அவருக்குத் தகவல். அவர் கேட்கும் ஆவணங்களைப் பட்டியலாக எழுதி வாங்குங்கள். ஒப்பீனியனை எழுத்தில், கையெழுத்தோடு பெறுங்கள். குடும்பம் பெரிதாக இருந்தால் ஆட்சேபணை கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்லலாம். கிரயப் பத்திரத்தின் நகலைப் பதிவுக்கு நாலு நாள் முன்னாடியே வாங்கி, நான்கெல்லையையும் அளவையும் வக்கீலையும் பார்க்கச் சொல்லி, நீங்களும் நேரில் நின்று சரிபாருங்கள். முக்கியமாக, அவர் "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். வாஸ்து பிடித்துப்போய், "பார்த்துக்கலாம்" என்று வாங்கியவர்களை நான் அறிவேன்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 30 லட்சம் மதிப்புக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 2,70,000 ரூபாய். புரோக்கருக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. வியாபாரம் நின்றாலும் தன் கூலியை வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லக்கூடியவர் வக்கீல் ஒருவர்தான். அவருக்குச் சில ஆயிரம் கொடுக்கும்போது மட்டும் பேரம் பேசுகிறோம்.

வக்கீல்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. இழுத்தடிப்பவர்களும் உண்டு, இல்லாத ஓட்டையைக் காட்டுபவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள். டாக்டரிடம் அப்படித்தானே செய்கிறோம்.

கடைசியாக, நாம் எல்லாரும் வாங்குபவர்கள் மட்டும் அல்ல. நம் வீட்டையும் ஒரு நாள் பிள்ளைகள் விற்கவோ பிரிக்கவோ போகிறார்கள். பீரோவில் இருக்கும் பத்திரக் கட்டை எடுத்து, அதே வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்பா பெயரிலேயே நிற்கும் பட்டா, பதிவு செய்யாத பாகச் சீட்டு, கையெழுத்துப் போடாத அக்கா தங்கை எல்லாவற்றையும் நாம் இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். நாம் கூப்பிட்டால் அக்கா வந்து உட்கார்ந்து பேசுவார். நமக்குப் பிறகு நம் பிள்ளைகள் கூப்பிட்டால், அவர் பிள்ளைகள் வக்கீல் நோட்டீஸோடுதான் வருவார்கள்.