சித்திரையின் நிறம்

இளவேனில் பிறந்ததும் ஆடையில் புதுமை நாடுவது மனித இயல்பு. 1947 பெப்ரவரி 12ஆம் நாள், பாரிஸ் நகரிலே கிறிஸ்தியன் டியோர் என்னும் ஆடைக் கலைஞர் தமது முதலாவது வசந்தகால ஆடைவரிசையை அரங்கேற்றினார். இடை சிறுத்து, கீழே பல கெசத் துணி விரிந்த அவ்வாடைகளைக் கண்டு பலர் வியந்தனர். ஆயின், துணிப் பங்கீடு 1949 வரை நீடித்த பிரித்தானியாவில், ஓர் ஆடைக்கு இத்தனை துணியா எனக் கண்டனமும் எழுந்தது.

அழகும் வேண்டும், அதன் செலவை ஏழையும் தாங்கவேண்டும். இச்சிக்கலுக்கு நம் பஞ்சாங்கத்தில் ஒரு விடை உண்டு. சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் தேய்த்து நீராடியபின் அணியவேண்டிய ஆடையின் நிறத்தை அது ஆண்டுதோறும் குறிப்பிடுகிறது. முழு ஆடையும் அந்நிறமாக இல்லாவிடினும், கரை அந்நிறமாக இருந்தாற் போதும் என்றும் பெரும்பாலும் இடமளிக்கிறது. வாக்கியமும் திருக்கணிதமும் வெவ்வேறு நிறங் கூறும் ஆண்டிலோ, பிள்ளைகளுக்குத் தெரிவு இன்னும் பெருகும்!

‘கரை’ என்னும் அச்சிறு சொல்லிலே எத்துணை கருணை! அன்னையின் பழஞ்சேலைக் கரையை மகளின் வெள்ளைப் பாவாடையில் வைத்துத் தைக்கலாம். தம்பியின் சட்டைப்பையில் நிறநூலாற் பூவொன்று பின்னலாம். தைத்த கைக்கும் பெருமை, அணிந்தவர்க்கும் மகிழ்ச்சி.

ஆகவே, மாணவியரே, கடைத்தெருவுக்குப் புறப்படுமுன் அம்மாவின் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கடன்பட்டு வாங்கிய பட்டின் பளபளப்பு மங்குமுன்னரே கடன்காரர் படலையில் வந்து நிற்பார். பழைய கரையைப் புதிதாக உடுத்த பெண்ணுக்கோ அந்தக் கவலை இல்லை.