ஆய்வைப் படிக்காமலே மதிப்பெண் போடுவதா?

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆய்வுப் பணியைப் புள்ளி போட்டு அளக்கும் முறை நம் நாட்டில் 2010-இல் வந்தது. விதிகள் பலமுறை மாறிவிட்டன. எண்ணும் பழக்கம் மட்டும் மாறவில்லை. பதவி உயர்வு நேர்காணலுக்குப் போனால், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் எத்தனை கட்டுரை, இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிகிறது. எந்த இதழை வாங்கலாம் என்று நூலகர்கள் முடிவு செய்வதற்காக உருவான அளவுகோல் இம்பாக்ட் ஃபேக்டர். இதழின் மேற்கோள் சராசரியைத்தான் அது சொல்லும்; தனிக் கட்டுரையின் தரத்தை அது எப்படிச் சொல்லும்?

இந்த எண்ணிக்கை வேட்டையில் கொழுத்தவை போலி இதழ்கள். பணம் கட்டினால் சில நாள்களில் கட்டுரை வெளியாகிவிடும். வரிக்கு வரி படித்துக் குறை சொல்ல அங்கே ஆள் இல்லை. 2018 மே மாதம் ஆய்விதழ்களுக்கான தேசிய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதுவரை அவையும் தகுதியானவை என்றே பட்டியலில் இருந்தன! அடுத்து வந்த புதிய பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. அளவுகோலை அந்தந்த நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள். படிப்பதைவிட எண்ணுவது எளிது என்பதால், நிர்வாகங்கள் மறுபடியும் எண்ணிக்கையிடமே போய் நிற்கின்றன.

எங்களைப் போன்ற முனைவர் பட்ட ஆய்வாளர்களின் பாடு இன்னும் மோசம். ஆய்வேட்டைக் கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற தேசிய விதி 2022-இல் நீக்கப்பட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் சொந்த விதியாக வைத்திருக்கின்றன. உதவித்தொகை நின்றுபோன பிறகும், இதழின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறோம். வேலைக்கான வயது காத்திருக்குமா?

தமிழ்த் துறையினர் நிலையைச் சொல்லவே வேண்டாம். சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களோடு ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஆண்டுகள் ஆகும்; கட்டுரைகளை மட்டும் எண்ணினால் அந்த உழைப்பு கணக்கில் வராது. தமிழ் ஆய்விதழ்களுக்கு ஸ்கோபஸில் இடம் கிடைப்பதோ மிக அரிது.

தரத்துக்கே முதலிடம் என்று ஒவ்வொரு முறையும் உறுதி சொல்லப்படுகிறது. சுற்றறிக்கையோடு அது நின்றுவிடுகிறது. எண்ணிக்கையை விட்டுத் தரத்தை மதிப்பிடுவது முடியாத காரியமல்ல. இதழின் மதிப்பை ஆய்வாளர்மேல் ஏற்றக் கூடாது என்ற சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இலேயே உருவானது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம், பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கைவிடுவதாக 2021-இல் அறிவித்தது.

விண்ணப்பிப்பவர் தம் சிறந்த படைப்புகளில் மூன்றோ நான்கோ தரட்டும். துறை அறிந்தவர்கள் அவற்றைப் படித்து, காரணத்தோடு எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். பதிப்பு, மொழிபெயர்ப்பு, களப்பணி ஆகியவற்றுக்கும் உரிய மதிப்பு வேண்டும். அடுத்த பதவி உயர்வு அறிவிப்பு வெளியாகுமுன், பொறுப்பில் உள்ளவர்கள் இதை விதியாக்க வேண்டும்.