தெரிந்தேதான் குடிக்கிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு நம் பிள்ளைப்பாக்கத்தில் பல் மருத்துவ முகாம். என் தங்கை பேத்தி பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு, அவளும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். காலை முழுக்க நன்றாகத்தான் வேலை செய்தார்கள். ஒரு சின்னப் பையனிடம் பல் பொம்மையைக் காட்டி, "மிட்டாய் தின்னக் கூடாது, கலர் குடிக்கக் கூடாது" என்று அழகாகச் சொன்னாள். மதியம் பிரியாணிப் பொட்டலம் வந்தது. கூடவே இரண்டு லிட்டர் கலர் பாட்டில் நான்கு. அந்தப் பையன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன பாப்பா இது?" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதா தாத்தா? இது சுகர் ஃப்ரீ."

சர்க்கரை போனால் அமிலமும் போய்விடுமா? கோலாவின் பி.எச். 2.5-ஐ ஒட்டி இருக்கும். எனாமல் கரையத் தொடங்குவது சுமார் 5.5-க்குக் கீழே. டயட் பாட்டிலிலும் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் நான் இதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பாள். (ஒரு ராத்திரி ஊறவைத்தால் பல்லே காணாமல் போகும் என்று வாட்ஸப்பில் வருவது கதை. தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.)

என் கோபமே இந்த 'விழிப்புணர்வு' என்ற வார்த்தை மேல்தான். பேனர், பேரணி, போட்டோ. தெரியாதவருக்குச் சொன்னால் சரி. தெரிந்தவர்கள் ஏன் குடிக்கிறார்கள்? பரீட்சைக்கு விடிய விடியக் கண் விழிக்கிறார்கள், மேஜையில் பாட்டில். சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் பழைய மாணவனும் அதே காரணத்துக்குத்தான் குடிக்கிறான். ஒரே மூச்சில் குடித்தால்கூட எச்சில் அரை மணி, ஒரு மணியில் வாயைச் சரிசெய்துவிடும். மணிக்கணக்காக உறிஞ்சினால் அதற்கு நேரமே கிடைக்காது. 27 வயதில் அவனுக்கு முன்பல் இரண்டும் கூசுகிறது, தண்ணீர் குடிக்க முடியவில்லை என்கிறான்.

நானும் யோக்கியன் இல்லை. 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்றபோது கைதட்டினேன். அந்த வருடம் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு உள்ளூர் கலர் வாங்கிக் கொடுத்தேன். தமிழ்ச் சர்க்கரை பல்லைத் தின்னாது என்ற நினைப்பு! கால் லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைக்குக் குறையாது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு அவ்வளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இதெல்லாம் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. பல் மருத்துவக் கல்லூரி கேன்டீனில் மட்டும் கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் நிற்கலாமா? அவள் கல்லூரியில் நிற்கிறதாம். பக்கத்தில் மோர் கிடையாது, குடிதண்ணீர்க் குழாய் பாதி நாள் வராதாம். பிறகு பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? திட்ட வேண்டியது அந்த பிரிட்ஜுக்கு இடம் கொடுத்தவர்களை.

பேத்தி இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவாள், படட்டும். அடுத்த மாதம் ஒரகடத்தில் முகாமாம். இரண்டு குடம் மோர் என் செலவு, இஞ்சி கறிவேப்பிலை தட்டிப் போட்டு. தூக்கிவர ஒரு டூவீலர் வேண்டும். 2004 பேட்ச் பசங்க யாராவது கமெண்ட்டில் சொல்லுங்கப்பா.